உப்புக் கூடியதை நாங்கள் சொல்லாத ஞாயிறு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அக்காவைப் புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுத வரவில்லை.

அக்கா பண்ணைப்புரத்தில் விவசாயக் குடும்பத்தின் மூத்த பெண்ணாகப் பிறந்தார். பத்தாவதோடு நின்று, காட்டு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். கம்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுபவர். வாரம் முழுக்க ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடும் வீடு அது. ஞாயிறு இரவு மட்டும்தான் எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். நானும் தேவதானப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவேன்.

அவர்களுடைய ஒரே மகள் பர்கர் கேட்டு அடம்பிடித்தபோது, அக்கா அதை வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். கொத்துக்கறியோடு சின்ன வெங்காயமும் பச்சை மிளகும் நசுக்கிச் சேர்த்து வடையாகத் தட்டுவார். பன்னை நெய்யில் வாட்டுவார். ஒரு வாரம் கம்பம் திராட்சையை வற்றல் மிளகாயோடு சுண்டக் காய்ச்சித் தடவுவார். மறுவாரம் அத்தான் மலையிலிருந்து கொண்டுவந்த காந்தாரி மிளகாயைத் தேங்காயோடு அரைத்து வைப்பார். கறி எடுக்காத கார்த்திகை மாதத்தில் வாழைப்பூ. எல்லாமே நாக்கில் வைத்துப் பார்த்துச் செய்தவை. எதையும் எழுதி வைக்கவில்லை.

அந்த நாக்குதான் முதலில் போனது. புற்றுநோய்க்கு மதுரையில் வைத்தியம் பார்த்ததில் ருசியே தெரியாமல் போய்விட்டது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை அடுப்படியை விடவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல. உப்பு சரியா இருக்கான்னு நீங்கதேன் சொல்லணும்" என்பார். நாங்கள் எதற்கும் "நல்லா இருக்கு" என்றோம். அதுதான் பாசம் என்று நினைத்தோம்.

ஒரு ஞாயிறு, போட்ட உப்பையே மறந்து மறுபடி போட்டுவிட்டார். வாயில் வைக்க முடியவில்லை. அத்தானும் நானும் தலை குனிந்து விழுங்கினோம். மகள் மட்டும், "அம்மா, உப்புக் கரிக்குது" என்றாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன். பிள்ளை கண் கலங்கி, "இல்லம்மா, நல்லா இருக்கு" என்றாள்.

அக்கா எங்களைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார். அதில் இருந்த தண்ணீரை நாங்கள் வாய்க்கு வாய் குடித்துத் தீர்த்திருந்தோம்.

"நாக்குதேன் போச்சு, கண்ணு போகல" என்றார். "செத்தவுகளுக்குப் படைக்கிற சோத்துக்குத்தேன் யாரும் உப்புப் பார்க்க மாட்டாக. என்னைய உசுரோட இருக்கிறப்பவே படத்துல மாட்டிட்டீகளே."

அதற்குப் பிறகு அக்கா அடுப்படிக்கு வரவில்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டார். நோய்தான் கொண்டுபோனது என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை.

மதுரைக்கும் கம்பத்துக்கும் ஜீப்பில் அழைத்துப்போன அத்தானின் நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

உங்களிடம் இன்னொரு உதவியும் கேட்க வேண்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமை நான்தான் பர்கர் செய்கிறேன். பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறாள். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை ஒதுக்குவாள். என்ன குறை என்று கேட்டால், "நல்லா இருக்கு சித்தி" என்பாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போன ஞாயிறு வேண்டுமென்றே உப்பே போடாமல் செய்து வைத்தேன். என் கையைப் பார்த்துக்கொண்டே மென்றாள். "நல்லா இருக்கு சித்தி" என்றாள்.

இன்று நீங்கள் சாப்பிடப்போவது என் சமையல். உப்போ உறைப்போ குறைந்திருந்தால், தயவுசெய்து அவள் காதில் விழும்படி என்னைத் திட்டுங்கள். திட்டினால் யாரும் கிள்ளமாட்டார்கள் என்று அவள் பார்க்கட்டும்.