பீரோவில் கிடந்த தேர்தல் கணக்கு

ஒரு பெண்ணின் தேர்தல் செலவுக் கணக்கை எழுதித் தருகிறேன் என்று வாங்கி, எழுதாமல், என் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறதியால் அல்ல, தெரிந்தே செய்தேன். அதனால் அவர் மூன்று வருடத்துக்கு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதவர் ஆனார்.

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். சில வருடங்களுக்கு முன் சட்டமன்றத் தேர்தலில் ஒரு பெரிய கட்சி வேட்பாளருக்குக் கணக்கு எழுதப் போனேன். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பதிவேடு கொடுப்பார்கள். அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். டீ, வடை, நாற்காலி வாடகை, சால்வை என்று எல்லாவற்றுக்கும் அரசே விலை குறித்த பட்டியல் ஒன்றும் உண்டு. மொத்தச் செலவு வரம்பைத் தாண்டக் கூடாது. தாண்டிய செலவைத் தாண்டாததுபோல் எழுதுவதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரைக் காகிதத்தில் நிற்க வைத்துவிடுவேன். நாற்காலி வாடகை குறைந்துவிடும்.

பதிவேட்டைத் தேர்தல் செலவுப் பார்வையாளரிடம் காட்டப் போன இடத்தில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தெருவுக்குத் தண்ணீர் வராததைச் சொல்லிச் சுயேச்சையாக நின்றார். டெபாசிட் பணத்தை அவரோடு வேலை பார்த்தவர்கள் கட்டியிருந்தார்கள். வங்கிக்கான மஞ்சள் தாளில் டீச் செலவை எழுதி வைத்திருந்தார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் வேட்பாளரின் மைத்துனர்தான் தேர்தல் முகவர். அவர் என் காதருகே வந்தார்.

"அண்ணாச்சி, ஆறு ஜீப்பு கணக்குல இடிக்குதுன்னீகளே. அந்தம்மாவுக்கு ஒரு வண்டியும் இல்லையாம்லா."

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஜீப்புகளை அவர் பெயரில் ஓட்டினால் செலவு எங்கள் கணக்கில் ஏறாது. நேராக அந்த அம்மாவிடம் போனேன்.

"கணக்கெல்லாம் நான் எழுதித் தாரேன் தாயி. நீ ஓட்டுக் கேக்குற வேலையப் பாரு."

"நெசமாவா அண்ணாச்சி? எம்புட்டுக் குடுக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம். கையெழுத்து மட்டும் போடு."

வண்டி அனுமதி விண்ணப்பங்களிலும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினேன். அவர் நடந்து ஓட்டுக் கேட்டார். கண்ணாடியில் அவர் பெயர் போட்ட அனுமதிச் சீட்டு ஒட்டிய ஆறு ஜீப்புகள், கொடி கட்டாமல், எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு தொகுதி முழுக்க ஓடின. ஒரு நாள் போன் செய்தார்.

"அண்ணாச்சி, பஞ்சு மார்க்கெட் பக்கம் எம் பேரப் போட்டு ஒரு ஜீப்பு போவுது! யாரோ நமக்குன்னு சொந்தக் காசுல ஓட்டுதாக போல."

"ஆமா தாயி. நல்ல மனுசங்க இருக்காங்கள்ல," என்றேன்.

எங்கள் வேட்பாளர் ஜெயித்தார். முடிவு வந்து முப்பது நாளைக்குள் எல்லாரும் கணக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் கணக்கு ஒரு பிழையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாவின் கணக்கில் ஜீப்புகளை எழுதினால் பணம் ஏதென்று கேட்பார்கள். எழுதாவிட்டால் அனுமதிச் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும். கொடுக்காமல் விடுவதே எங்களுக்குப் பாதுகாப்பு. கணக்குக் கேட்டு நோட்டீஸ் வந்தது என்று அவர் பதறியபோது, "சும்மா எல்லாருக்கும் அனுப்புறதுதான், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். பிறகு தகுதி நீக்க உத்தரவே வந்தது. அதற்குள் அவர் வீடு மாறியிருந்ததால் அது பழைய முகவரிக்குப் போய்விட்டது.

நகராட்சித் தேர்தல் வரப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, வார லீவு நாளில் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார்.

"வார்டுக்கு நிக்கச் சொல்லித் தெருவே சொல்லுது அண்ணாச்சி. விசாரிக்கப் போனா, கணக்குக் குடுக்காதவுக பட்டியல்ல எம் பேரு இருக்காம். நீங்கதான் குடுத்துட்டீகளே. அந்த ரசீத மட்டும் தாங்க, காட்டிட்டுத் தந்துருதேன்."

அவர் சண்டைக்கு வந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ரசீது கேட்டு வந்தவரிடம் என்ன சொல்வது? பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மஞ்சள் தாளில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஜீப்பு?"

"எங்க ஜீப்பு தாயி."

"அதத் தெருப் பூராம் சொல்லிப் பெருமையடிச்சேனே அண்ணாச்சி."

மறுநாள் இருவரும் தேர்தல் பிரிவு அலுவலகத்துக்குப் போனோம். ஜீப்புகள் யாருடையவை, கையெழுத்தை யார் வாங்கியது, பதிவேடு எங்கே இருந்தது எல்லாவற்றையும் எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். ஜெயித்தவர் மேல் வழக்குப் போடும் காலம் முடிந்துவிட்டது, உங்கள் மேல் வேண்டுமானால் விசாரணை வரலாம் என்றார். தகுதி நீக்கத்தை ரத்து செய்யவோ குறைக்கவோ ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னார். மனு எழுதினோம். விட்டுப்போன கணக்கையும் உள்ளது உள்ளபடி எழுதி, என் வாக்குமூலத்தோடு இணைத்தோம்.

அன்றே வேட்பாளரின் மைத்துனர் போன் செய்தார். "கெழட்டு வயசுல கம்பி எண்ண ஆசையா இருக்கோ?"

"அங்கயும் கணக்கு எழுத ஆள் வேணும்லா," என்று வைத்துவிட்டேன். சொன்னது வாய் மட்டும்தான். அதன்பிறகு வாசலில் பைக் நின்றாலே எட்டிப் பார்த்தேன். கடைசியில் விசாரணைக்கு ஒருவர் வந்தார், கேட்டார், எழுதிக்கொண்டார், போனார். அத்தோடு சரி. அவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வயிறாரச் சாப்பிட்டேன்.

நகராட்சித் தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதற்காகச் சந்தோஷப்பட்டவர்கள் ஊரில் நாங்கள் இருவர்தான் இருந்திருப்போம். அதற்குள் தகுதி நீக்கத்தின் மிச்சக் காலம் ரத்து என்று டெல்லியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. அந்த அம்மா போனில் வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, "இங்கிலீசுல இருக்கு அண்ணாச்சி, ஆனா நல்ல சேதிதான்" என்றார்.

தேர்தலுக்கு அரசே பணம் தரட்டும் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். தரலாம். அதற்கும் என்னைப் போல் ஒருவன் கணக்கு எழுதுவான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த அம்மா வார்டுக்கு நின்றார். கணக்கு எழுத வரவா என்று கேட்டேன். "நீங்க ஓட்டுக் கேக்க வாங்க. கணக்க நான் பாத்துக்கிடுதேன்," என்றார். ஒரு நாள் போய் அவரோடு நான்கு தெரு நடந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தாள்தான்.

தோற்றுவிட்டார். ஆனால் கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போதே கணக்கைக் கொடுத்துவிட்டு, முத்திரை வைத்த ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். பின்னாலேயே போன் வந்தது.

"அடுத்த தடவ நிக்கலாம்லா அண்ணாச்சி?"

"நிக்கலாம் தாயி," என்றேன். இந்த முறை பொய் இல்லை.