அனுப்பாமல் போன ஒரு பக்கம்

பைசாண்டு நகரத்துப் பள்ளியில் அன்செல்மோ பிடேகாயின் கணினி வாத்தியார். மின்னஞ்சல் சர்வருக்கான மென்பொருள் ஒன்றைப் பதினாறு வருடமாகத் தனியாளாக எழுதி, உருகுவாயின் சிறிய கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சும்மாவே கொடுத்துவந்தார். என்ன வசதி வேண்டுமானாலும் அவருடைய இணையப் பக்கத்தில் கேட்கலாம். வேண்டாத விளம்பர மடல்களை ஒதுக்கும் வடிகட்டி, கைப்பேசியில் பார்க்க வழி என்று ஜனங்கள் கேட்கக் கேட்க அது வளர்ந்தது. ஆறு மாதம் யாரும் திறக்காத அஞ்சல் பெட்டிகள் தானாக அழிய வேண்டும் என்று சங்கங்களில் சர்வரைப் பராமரிப்பவர்கள் நச்சரித்தபோது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதையும் எழுதி முடித்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கோரிக்கை வந்தது. எழுதியவர் யங் ஊர்க்காரர், சுல்மா. மகள் மிரேலா பால் கூட்டுறவில் வேலை பார்த்தவள். மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டாள். அவளுடைய அஞ்சல் பெட்டியைத் திறக்க ஒரு வருடமாக மனம் துணியவில்லையாம். துணிந்து திறந்த அன்று, அப்படி ஒருவர் இல்லை என்றது திரை. அழிக்குமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்.

அன்செல்மோ அடுத்த பேருந்தில் யங்குக்குப் போனார். கூட்டுறவின் சர்வரில் நாள் முழுக்கத் தேடினார். நகல்கள் முப்பது நாளுக்கு மேல் வைக்கப்படவில்லை. மிஞ்சியது சர்வர் தானே பதிந்துவைக்கும் குறிப்பேடு மட்டும். அதில் மடலின் தேதியும் அளவும் யாருக்கு என்பதும் இருக்கும், எழுதியது இருக்காது.

சாயங்காலம் சுல்மா வீட்டுக்குப் போனார். மாத்தே தேநீர் கொடுத்தார் சுல்மா. அன்செல்மோ குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பெட்டி தானா அழியற மாதிரி எழுதுனது நான்தாம்மா," என்றார்.

சுல்மா கேட்டார்: "ஏன் எழுதுனீங்க?"

"எல்லாரும் கேட்டாங்க."

"எங்கிட்ட யாரும் கேக்கலையேப்பா."

குறிப்பேட்டில் இருந்ததைச் சொல்லாமல் போய்விடலாமா என்று அன்செல்மோ நினைத்தார், மனசு கேட்கவில்லை. விபத்துக்கு முந்தின நாள் மிரேலா ஒரு மடல் எழுதி, யாருக்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறாள் என்றார்.

"யாருக்குன்னு போட்டிருக்கா?"

"பேர் எழுதலம்மா."

"எவ்வளவு இருக்கும்?"

"ஒரு பக்கம் இருக்கும்."

"ஒரு பக்கமா," என்றார் சுல்மா. "ரெண்டு வரிக்கு மேல எழுதவே மாட்டா அவ." இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்செல்மோ இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். சுல்மா அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

அடுத்த பதிப்பில் எந்தப் பெட்டியும் தானாக அழியாது. அது வெளியான மாதமே இடம் போதவில்லை, பழையபடி மாற்று என்று எட்டுப் பேர் எழுதினார்கள். ஒருவர், வாத்தியாருக்கு வயசாகிவிட்டது என்று கிண்டலும் செய்திருந்தார். அன்செல்மோ யாருக்கும் காரணம் சொல்லவில்லை. சுல்மாவின் கோரிக்கைக்கு எதிரே 'நிறைவேறியது' என்று குறிக்க வேண்டிய கட்டம் இருந்தது. அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை.