நல்ல எண்ணத்தில் போட்ட வழக்கு

எங்கள் ஊர்க் காவல் நிலையம் மக்களுக்குச் செய்யும் சேவைகளைச் சொல்லி மாளாது. மாளாது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அத்தனைக்கும் நோட்டீஸ் டிசைன் செய்தவள் நான்தான். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. அங்கே ஒரு ஆஃப்செட் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது என் வேலை. காலண்டர் சீசன் போக மற்ற நாட்களில் பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. நடுவே ஸ்டேஷனில் இருந்து ஆர்டர் வரும். ஆர்டர் என்றுதான் பெயர், அதற்குப் பணம் கிடையாது. "போலீஸ் வேலை தாயி, கல்யாணம் காத்திருக்கும், அவுக காத்திருக்க மாட்டாக" என்பார் முதலாளி.

கோடையில் நீர்மோர்ப் பந்தல் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் முதல் டம்ளரைக் குடிக்கிற மாதிரி படம் எடுத்து முடிக்கும் வரை மோர் இருந்தது. சிறுவர் நூலகம் திறந்தார்கள். அலமாரிச் சாவி ஸ்டேஷன் ரைட்டரிடம் இருந்தது, ரைட்டர் மாற்றலாகிப் போனார், சாவியும் கூடவே போய்விட்டது. தலைக்கவசப் பேரணி நடந்தது. கவசமெல்லாம் கடைக்காரரிடம் வாங்கிய இரவல். பேரணி முடிந்ததும் அவர் நின்று ஒவ்வொருவர் தலையில் இருந்தும் கழற்றி வாங்கிக்கொண்டார். வெறுந்தலையோடு வீடு திரும்பியவர்களில் சிலருக்குப் பைபாஸ் முக்கில் அதே ஸ்டேஷன்காரர்கள் அபராதம் போட்டார்கள். கேட்டதற்கு, "அது விழிப்புணர்வு, இது டூட்டி" என்று பதில் வந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போலீஸ் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடத்தினார்கள். அது நோட்டீஸுக்கு வெளியேயும் நடந்தது. நடத்தியவர் ஒரு ஏட்டையா. ஓய்வு பெறக் கொஞ்ச காலமே பாக்கி இருந்த மனிதர். தொப்பை சட்டைப் பொத்தானோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஆனாலும் விடியும் முன்பே மைதானத்தில் விசிலோடு நிற்பார். பிள்ளைகளோடு தானும் ஓடுவார், மூச்சு வாங்கினால் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அங்கிருந்தே திட்டுவார். அந்தப் பயிற்சியில்தான் என் தங்கச்சி சேர்ந்தாள்.

எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு முடிந்தால் பட்டாசு ஆபீஸ், படிப்பு முடியாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் அம்மா பட்டாசு ஆபீஸில் தரைச்சக்கரம் சுற்றுகிறவள். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் நகக்கண்ணில் இருந்து அலுமினியப் பவுடர் போனதில்லை. அப்பா வெடி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரிக்காரர், பண்டிகைக்கு மட்டும் வீட்டில் இருக்கவே மாட்டார். வேலைக்கு ஆள் ஏற்றிப்போன வேன் கொஞ்சம் தாமதமாக வந்தாலே எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நிற்கும், எந்த ஆபீஸில் என்ன ஆயிற்றோ என்று. அதனால் அம்மாவுக்கு ஒரே ஆசை, சின்னவளாவது வெடிமருந்து வாடை இல்லாத வேலைக்குப் போய்விட வேண்டும். தங்கச்சிக்கோ காக்கிச் சட்டை என்றால் பித்து. அவளுக்கு இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு அம்மா மொட்டை நேர்ந்திருந்தாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஸ்டேஷனில் இருந்து வந்த ஆர்டரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மிஷின்காரர் எழுந்து வந்துவிட்டார். பட்டாசு வெடிப்பதைக் குறைப்போம் என்று நோட்டீஸ். எங்கள் ஊரில்! நாடு முழுக்க வெடிக்கிறதை நாங்கள் செய்து அனுப்புவோமாம், நாங்கள் மட்டும் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் அடக்கமாக வெடிக்க வேண்டுமாம். காகிதத்துக்குக் காசு கிடையாது என்பதால் முதலாளி மிச்சமாகிக் கிடந்த லேபிள் தாளின் பின்பக்கத்தில் அடிக்கச் சொன்னார். ஒரு பக்கம் 'ஒலியைக் குறைப்போம்', திருப்பினால் பூதம் படம் போட்ட அணுகுண்டு லேபிள். பிள்ளைகள் பூதத்துக்காக அந்த நோட்டீஸை அடித்துப் பிடித்து வாங்கின.

தீபாவளி அன்று பயிற்சிப் பிள்ளைகளுக்கெல்லாம் பளபளக்கிற மேல்சட்டை கொடுத்து பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். போலீஸுக்கு உதவியாக நோட்டீஸ் கொடுப்பது, வண்டிகளை ஒழுங்குபடுத்துவது. சட்டையின் முதுகில் அதை நன்கொடையாகக் கொடுத்த பட்டாசுக் கம்பெனியின் பெயர். தங்கச்சி சாயங்காலமே தலையை இறுக்கி வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு போனாள். கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே ஒரு சல்யூட் வைத்ததை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அன்றைக்கு ஸ்டேஷனுக்கு ஒரு நெருக்கடி. நேரம் கடந்து வெடித்தவர்கள் மேல் ஒவ்வொரு ஸ்டேஷனும் வழக்குப் போட்டு அன்றைக்கே கணக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மறுநாள் பேப்பரில் வர வேண்டும் அல்லவா? ஏட்டையா எங்கள் தெருப்பக்கம் வந்து பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. வருஷம் முழுக்க வெடியோடு கிடக்கிறவர்கள் பண்டிகை அன்றும் வெடிப்பார்களா? கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளிமார் தெருவிலோ வானம் கிழிந்துகொண்டிருந்தது. அங்கேயும் போனார். தெருமுனையில் அவரை நிறுத்தி உட்காரவைத்து நெய் அதிரசம் கொடுத்தார்கள். பிள்ளைகள் முதுகில் யார் பெயர் இருந்ததோ அவர்கள் வீட்டு அதிரசம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர் தங்கச்சியைக் கூப்பிட்டிருக்கிறார். "பாப்பா, நம்ம ஸ்டேஷன்ல ஒரு கேஸ்கூட இல்லைன்னா இன்ஸ்பெக்டரு மேலே பதில் சொல்ல முடியாது. நீ நம்ம ஸ்டேஷன் பிள்ளை. உன் பேரைக் குடு, சும்மா கணக்குக்கு."

இவள் பெயர் கொடுத்தாள். அப்பா பெயரும் கதவு எண்ணும் கொடுத்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டாள். வேலி பயிரை மேய்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பயிரே போய் வேலியின் வாயில் ஊட்டிவிட்டு வந்தது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள். அம்மாவுக்குப் புரியவில்லை. "நீ எங்கனடி வெடிச்ச?"

"வெடிக்கலைம்மா. ஸ்டேஷனுக்கு ஒரு உதவி."

"போலீசுக்கே உதவி செய்யுற அளவுக்கு வந்துட்டா எம் பிள்ளை" என்று அம்மா அவளுக்குத் திருஷ்டி கழித்தாள்.

ஏட்டையாவும் நன்றி மறக்கிறவர் இல்லை. படிக்கிற பிள்ளை கோர்ட்டுக்கு அலையக் கூடாது என்று அபராதத்தைத் தன் கையில் இருந்து கட்டி வழக்கை முடித்தே வைத்துவிட்டார். அபராதம் கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்பது இவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் அவர் மனதில் அது குற்றமாகவே இல்லை. பிறகு தேர்வுக்கு விண்ணப்பம் போடும் நாளில் கொட்டகையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியாக உரக்க வாசித்தார். உங்கள் மேல் வழக்கு உண்டா என்ற கேள்வி வந்ததும், "எல்லாம் நல்ல பிள்ளைக. இல்லைன்னு போடுங்க" என்றார். எல்லோரும் இல்லை என்று போட்டார்கள்.

தங்கச்சி எழுத்துத் தேர்வில் தேறினாள். விருதுநகரில் நடந்த ஓட்டத்திலும் தேறினாள். ஏட்டையா மைதானத்துக்கு வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "கையை வீசு பாப்பா, கையை வீசு" என்று கத்தியதில் இரண்டு நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தெருவே எங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தது. அம்மா இருக்கன்குடிக்கு எந்தச் செவ்வாய்க்கிழமை போகலாம் என்று நாள் பார்க்க ஆரம்பித்தாள்.

வேலை கொடுக்கும் முன் நடத்தை விசாரணை நடக்கும். அதை விசாரிக்கிறது வேறு யார், எங்கள் ஸ்டேஷன்தான். அங்கே உள்ள கம்ப்யூட்டர் இவள் பெயரைத் தட்டியதும் பளிச்சென்று வழக்கைக் காட்டியது. நூலகச் சாவியைத் தொலைத்த ஸ்டேஷன் இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது. கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டு, அதை மறைத்தும் இருப்பதால் தேர்வு செய்ய இயலாது. தங்கச்சி அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். அழவில்லை. எப்போதும் போல மறுநாள் விடியற்காலையில் ஓடப் போனாள், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அவளை விருதுநகரில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனேன். அவர் வழக்குத் தாள்களை வரவழைத்து வாசித்துக் காட்டினார். பொதுமக்களுக்கு இடையூறாகவும் அச்சம் உண்டாகும்படியும் என் தங்கச்சி எங்கள் தெருமுனையில் அணுகுண்டைக் கொளுத்தி வீசியதை ஏட்டையா தன் கண்ணால் கண்டிருந்தார். அந்த நேரத்தில் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று வக்கீல் கேட்டார். என்னிடமே இருந்தது, ஸ்டேஷனுக்காக நான்தானே வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். படத்தில் இன்ஸ்பெக்டர் முழுசாக இருந்தார். தங்கச்சியின் முழங்கை இருந்தது.

"முழங்கையை வச்சு ஒண்ணும் செய்ய முடியாதும்மா. அவ அந்த நேரம் போலீசோட டூட்டியில இருந்தான்னு போலீஸே எழுதிக் குடுக்கணும். குடுத்தா நான் ஹைகோர்ட் வரை போறேன்" என்றார் வக்கீல்.

நாங்கள் ஏட்டையாவைத் தேடிப் போவதற்குள் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, யூனிஃபார்ம் இல்லாமல், கையில் சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தோடு. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாக அம்மா நினைத்தாள். "வாங்க ஏட்டையா, சாப்பிட்டீகளா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

"அன்னைக்கு இவ உங்ககூடத்தானே நின்னா ஏட்டையா? அதை மட்டும் எழுதிக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அம்மா.

அவர் தாளைப் பார்த்தார். "எழுதினா நான் பொய்க் கேஸ் போட்டேன்னு ஆயிருமே தாயி."

"போட்டது பொய்க் கேஸ்தானே?"

"ஆமா." அவர் மறுக்கவே இல்லை. "ஆனா நல்ல எண்ணத்துல போட்டது. கெட்ட எண்ணம் இருந்தா என் கைக்காசைக் கட்டுவேனா? இதை எழுதினா எனக்கு வேலை போயிரும், பென்சன் போயிரும். எம் மகளுக்கும் இப்பத்தான் மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதிரசம் தின்ற தெருவில் ஒரு பெயர் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். இன்னும் என்னவெல்லாமோ கேட்டேன், எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். திருப்பி ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தங்கச்சிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுக்கா. மேலே இருந்து கேட்டா ஏட்டையா என்ன செய்வாக? அந்த இடத்துல நான் இருந்தாலும் ஒரு பேரை எழுதித்தான் இருப்பேன்."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "யார் பேரை எழுதியிருப்ப?"

தங்கச்சி மேஜையில் உருண்ட பேனாவை எடுத்துத் தாள் மேல் வைத்தாள்.

"சொல்லுடி. நம்ம தெருவுலதானே பிறந்து வளர்ந்த. யார் பேரை எழுதியிருப்ப?"

வாசல் கதவு திறந்தே இருந்தது. எதிர்வீட்டு அக்கா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகளும் இப்போது அந்தத் தகரக் கொட்டகைக்குத்தான் போகிறாள். அடுத்த வீட்டுப் பையன் துபாய் போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு போலீஸ் விசாரணைக்குக் காத்திருக்கிறான். அதற்கடுத்த வீட்டில் தனியாக ஒரு அம்மா, தீக்குச்சி கிழித்தாலே காதைப் பொத்திக்கொள்கிறவள், புருஷன் பட்டாசு ஆபீஸ் விபத்தில் போனதில் இருந்து. தங்கச்சி ஒவ்வொரு வீடாகப் பார்த்தாள். கடிதம் வந்தபோது அழாதவள் அப்போது அழ ஆரம்பித்தாள்.

"ஒருத்தர் பேரும் வர மாட்டேங்குதும்மா" என்றாள்.

ஏட்டையா எழுந்து வாசலில் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். மேஜையில் இருந்த தாளை அவர் தொடவே இல்லை.