கரையில் யாரையும் விடாதவள்

வாடகை வண்டியை நிறுத்தியதும் சாந்தினா இறங்கமாட்டாள். முதலில் அதைத் திருப்பி, மூக்கு வெளியே போகிற பாதையைப் பார்க்கும்படி வைப்பாள். மெஸ்ஸினா துறைமுகமோ, கடற்கரையோ, தன் வீட்டு வாசலோ, எங்கே நின்றாலும் இப்படித்தான். கல்யாணத்துக்கு வந்தாலும் வண்டியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பந்திக்கு வருவாள். "வர்றது எப்ப வேணா வரலாம். கிளம்பறப்பதான் மனுஷன் மாட்டிக்கிறான்" என்பாள்.

ஐம்பதைத் தாண்டியவள். குட்டை உருவம், பெரிய குரல். வண்டி ஜன்னலில் சாய்த்து வைத்தே கறுத்துப்போன இடது கை மட்டும் வேறு யாருடையதோ போலிருக்கும். துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நிற்கிற நாளில் அவளுக்குச் சாப்பாடு கிடையாது. விடியலில் ஒரு வாய் காப்பி குடிப்பாள். அதற்குப் பிறகு கப்பல் கிளம்பினால்தான் கடையோரம் நின்றபடி ஒரு பொரித்த சோற்றுருண்டை. நடுவில் யாராவது ஒரு ஆரஞ்சுச் சுளையை நீட்டினாலும் வாங்கமாட்டாள்.

கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு எல்லாம் வேண்டும். தவோர்மினாவின் பழைய அரங்கம், எட்னா எரிமலை, மணிக்கூண்டில் உச்சிவேளைக்குப் பொம்மைச் சிங்கம் கர்ஜிக்கிற வேடிக்கை, எலுமிச்சைத் தோட்டம், அதோடு ஊருக்கு வாங்கிப் போக நாலு சாமான். சாந்தினா விரலை ஆட்டுவாள். "ஒரு நாளைக்கு ஒரு ஜோடிக் கண்ணுதான். ரெண்டு சொல்லுங்க, காட்டறேன். மூணாவது கேட்டீங்கன்னா கப்பலுக்குக் கை காட்டிட்டு எங்க வீட்ல வந்து படுங்க." கடைக்குள் போய்த் திரும்பாதவர்களைக் கைப்பையைப் பிடித்து வெளியே இழுத்து வந்திருக்கிறாள். மற்ற ஓட்டுநர்கள் அவளை ஆடு மேய்க்கிறவள் என்று கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. ஆடு மேய்க்கிறவளும் சாயங்காலம் பட்டியில் எண்ணிப் பார்ப்பாள் அல்லவா என்பாள்.

பயம் சும்மா வருவதில்லை. கப்பலின் சொந்தப் பேருந்தில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். சாந்தினா போன்ற தனி வண்டிக்காரர்களை நம்பி வருகிறவர்களுக்கு அது காத்திருக்காது. ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடும். துறைமுகத்து ஓட்டுநர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு கதையாவது உண்டு, கரையில் பையோடு நின்று அழுத யாரோ ஒருவர். சாந்தினாவுக்கு இல்லை.

அவளுடைய இன்னொரு பெருமை புனிதர்கள். எங்கள் மலைப்பக்கத்தில் ஊருக்கு ஒரு புனிதர். ஆகஸ்டு வந்தால் அத்தனை பேரும் பவனி கிளம்பிவிடுவார்கள். பவனி வருகிற தெருவில் வண்டி நுழையக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது, சப்பரத்துக்கு முன்னால் முண்டக் கூடாது. எந்த ஊரில் எந்தச் சாமிக்கு என்றைக்கு என்று ஓட்டுநர்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். சாந்தினா அதில் புலி. ஒரே ஒரு ஊரின் பேச்சு வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது அவள் பிறந்த ஊர், ரோக்காசெல்வா.

அங்கே ஊர்ப் புனிதரான சான் ரோக்கோவின் சப்பரத்தைத் தூக்குகிறவன் இறந்தால் தண்டின் கீழே அவன் இடம் மூத்த பிள்ளைக்கு. சாந்தினாவின் அப்பா இறந்தபோது மூத்த பிள்ளை அவள்தான். நான் தூக்குகிறேன் என்றாள். தம்பி தின்தாரோ கோயில் வாசலில் ஊர் முழுக்கக் கேட்கும்படி சிரித்தான். "ஸ்டியரிங் பிடிக்கற தோளு சாமிக்கு ஆகாது, அக்கா" என்றான். அன்றைக்கு வண்டியில் ஏறியவள்தான். பல வருஷங்களாக அவனிடம் ஒரு வார்த்தை கிடையாது.

போன ஆகஸ்டில் அந்த மௌனத்துக்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அடித்த மழையில் ரோக்காசெல்வாவின் பவனி நடக்கவில்லை. புதன்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். துறைமுகத்தில் அது எல்லோருக்கும் தெரியும். அவள் ஊர்ச் சேதியை அவளுக்கே சொல்வதா, கொல்லன் தெருவில் ஊசி விற்பதா என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் வண்டியில் ஏறியது ஒரே ஒருத்தி. ஹன்னெகே என்ற உயரமான டச்சுக்காரி, எழுபதை நெருங்கியவள். எதைக் காட்டட்டும் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டதற்கு, "எனக்கு எதையும் பாக்க வேண்டாம். கடல்ல மிதக்கணும். யாரும் என்னைக் கூப்பிடாத இடமா பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். இப்படி ஒரு ஆசையைச் சாந்தினா அதுவரை கேட்டதில்லை. தவோர்மினாவுக்குக் கீழே, கூழாங்கல் நிறைந்த சின்னக் குடாவுக்கு அழைத்துப் போனாள். ஹன்னெகே வெகுநேரம் மல்லாந்து மிதந்தாள். கரையேறி, கிரானிதா என்கிற பாதாம் பனிக்கூழில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டாள். பாறை நிழலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. எழுப்பக் குனிந்த சாந்தினா அந்த முகத்தைப் பார்த்தாள். பல நாள் காய்ச்சல் விட்ட பிள்ளை தூங்குவது போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். தொழிலில் அவள் இளகியது அந்த ஒரு தடவைதான்.

பெருஞ்சாலைக்கு வந்தபோது சுரங்கப்பாதையில் லாரி கவிழ்ந்திருந்தது. கடலோரச் சாலையிலும் வண்டிகள் அசையவில்லை. ஹன்னெகே கைபேசியைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள், மறுபடி கைபேசியைப் பார்த்தாள். அப்புறம்தான் அதைச் சொன்னாள். கணவர் யோஸ்ட் கப்பலில் இருக்கிறார். நினைவு தப்பிக்கொண்டே வருகிற நோய். மதியம் மாத்திரை போட்டுத் தூங்குவார், சாயங்காலம் விழிப்பார். அறையைப் பார்த்துக்கொள்கிற பையனிடம் எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு வருஷத்தில் அவள் தனியாக வெளியே வந்தது இன்றைக்குத்தான்.

"முழிக்கறப்ப நான் இல்லேன்னா தேடக் கிளம்பிடுவார். போன மாசம் நெடுஞ்சாலையில போய் நின்னார். கப்பல்ல தேடினா எங்க போவார்னு நினைச்சுப் பாருங்க. சுத்தி வெறும் தண்ணி" என்றாள்.

சாந்தினா துறைமுகத்துக்குப் பேசினாள். முடிந்தால் அறைக்கு ஆள் அனுப்புவார்களாம். கப்பலை நிறுத்த மாட்டார்களாம். எழுப்பாமல் விட்டது யார்? அவள்தான். வண்டியைத் திருப்பினாள். அடைப்பைத் தாண்டிப் போக மலைவழி ஒன்றுதான் உண்டு, அது ரோக்காசெல்வா வழியாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமையே சாமி கோயிலுக்குத் திரும்பியிருப்பார் என்ற தைரியத்தில் ஏறினாள்.

கடைசி வளைவில் மேளச் சத்தம் கேட்டது. ஒரு நொடி அவள் காலுக்கு பிரேக் எது என்று தெரியவில்லை. சந்துக்குள் நுழைந்துவிட்டாள். எதிரே, ஒரு வண்டியின் அகலமே உள்ள தெருவை அடைத்துக்கொண்டு, தொடைப் புண்ணைக் காட்டியபடி, காலடியில் நாயோடு சப்பரத்தின் மேல் சான் ரோக்கோ வந்துகொண்டிருந்தார். பின்னாலும் போக முடியாது. அதே யோசனை தோன்றிய கார்கள் வால் பிடித்து நின்றன.

சப்பரம் நின்றது. தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு மூச்சு வாங்கினார்கள். தண்டின் கீழே பாதி இடங்கள் காலி, இளைஞர்கள் எல்லாம் மிலானிலும் ஜெர்மனியிலும் இருந்தார்கள். முன்னால் மணியைக் கையில் பிடித்திருந்த தலைவன் வண்டியைப் பார்த்தான். தின்தாரோ.

"என்ன வண்டிக்காரம்மா, உங்க ஊர் சாமியோட நாள்கூட மறந்துபோச்சா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் சாந்தினா என்ன சொல்லியிருப்பாள் என்று அவர்களுக்கும் தெரியும். அவள் இறங்கி அவனிடம் போனாள். வண்டியில் இருப்பவளைக் காட்டி, கப்பலில் தனியாக இருப்பவரைப் பற்றிச் சொன்னாள். நீரூற்றுப் பக்கம் தெரு அகலம். சப்பரம் அதுவரை பின்வாங்கினால் வண்டி தாண்டிவிடும். "தப்பு என்னோடது, தின்தாரோ. அவளை எழுப்பாம விட்டுட்டேன். உன்கிட்டதான் கேக்கறேன், வழி விடு" என்றாள்.

சான் ரோக்கோ பின்னால் நடக்கமாட்டார். நடந்த வருஷம் மண் சரியும் என்பது ஊரின் நம்பிக்கை. சரிந்தும் இருக்கிறது. ஒரு கிழவர் முடியாது என்று தலையை ஆட்டினார். அறியாத ஒருத்திக்காக மலையைப் பணயம் வைப்பதா என்றார். ஹன்னெகேவுக்கு அந்த ஊர்ப் பேச்சில் ஒரு சொல்லும் புரியவில்லை. வண்டிக் கதவைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தின்தாரோ சாமியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "பின்னால போகக் கூடாது. சரிதான். திரும்பி, முன்னால போனா?" என்றான்.

திரும்புவது லேசான காரியமில்லை. சந்தின் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் மார்பளவுச் சுவர், சுவருக்கு அப்பால் எலுமிச்சைத் தோட்டம் பள்ளத்தில் இறங்குகிறது. நீளத் தண்டுகளைச் சுவருக்கு மேலாகத்தான் சுற்ற வேண்டும். அப்போது தண்டின் நுனியில் ஆள் நிற்கத் தரை இருக்காது. முழுப் பாரமும் நடுவில் நிற்கிறவர்கள் மேல் விழும். இருக்கிற தோள்கள் போதாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. சாந்தினா செருப்பைக் கழற்றினாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

தின்தாரோ அவளைப் பார்க்காமல், "அப்பா நின்ன பக்கம்" என்றான்.

அவளுக்குப் பின்னால் ஹன்னெகேயும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். ஒருவன் தடுக்கப் போனான். தினமும் கணவனைத் தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்டுகிறவள் அவள். குனிந்து, முழங்காலில் பலம் வைத்து, தோளைக் கொடுத்த விதத்தைப் பார்த்து அவன் நகர்ந்துகொண்டான். மணி அடித்தது. சாமி எழுந்தார். தண்டுகள் சுவருக்கு மேலே போனபோது சப்பரம் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள். சாந்தினாவின் தோளில் தோல் உரிந்தது. அசையாமல் நின்றாள். சான் ரோக்கோ மெல்ல மெல்லத் தன் முதுகை அவளுடைய வண்டிக்குக் காட்டினார்.

நீரூற்றடியில் சப்பரத்தை இறக்கினார்கள். தின்தாரோ வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தானே மடித்துவிட்டு, தங்கப்பூச்சில் தகரம் உரசாதபடி இடையில் கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். தாண்டியதும் ஜன்னலுக்குக் குனிந்தான். "கப்பல் போயிடுச்சுன்னா ஊர்ல என் தோலை உரிச்சுருவாங்க. அந்தம்மா ஏறின சேதி வர்ற வரைக்கும் சாமி இப்படியேதான் நிப்பார், சொல்லிட்டேன்" என்றான்.

மலையிறக்கத்தில் சாந்தினா வண்டியை விரட்டினாள். துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கப்பலின் கயிறுகளில் ஒன்றை ஏற்கெனவே அவிழ்த்திருந்தார்கள். ஏணியடியில் இருந்த அதிகாரி இரண்டு கைகளையும் வீசி அவசரப்படுத்தினார். ஹன்னெகே வெறுங்காலோடு ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை, சொல்ல அது நேரமும் இல்லை. அவள் ஏறியதும் ஏணி உயர்ந்தது.

சாந்தினா நிமிர்ந்து பார்த்தாள். மிக உயரத்தில் ஒரு பால்கனியில், பொத்தான் போடாத சட்டையோடு ஒரு கிழவர் கம்பிமேல் வயிற்றை வைத்துக் கரையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கால் கம்பியின் கீழ்ப்படியில் ஏறியிருந்தது. சாந்தினா கத்தவில்லை. கத்தினால் இன்னும் எட்டிப் பார்ப்பார். ஏணியிலிருந்து அந்த அறைக்கு எவ்வளவு தூரம், மின்தூக்கி உடனே வருமா, எதுவும் அவளுக்குத் தெரியாது. கறுத்த இடது கையால் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். கிழவர் அடுத்த காலையும் தூக்கினார்.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. சட்டைக் காலரைப் பிடித்தது. இன்னொரு கை அவர் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. கிழவர் மெதுவாகத் தரையில் இறங்கினார். திரும்பிப் பார்த்து, ஹன்னெகேயின் முகத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் தடவினார்.

சாந்தினாவின் கைபேசி அடித்தது. எத்தனையோ வருஷமாக அடிக்காத எண், அழிக்காமலும் வைத்திருந்த எண். காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மேளம் இல்லை, பாட்டு இல்லை, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"அக்கா. ஏறிட்டாங்களா?"

சாந்தினா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கப்பல் தன் பெரிய சங்கை ஊதியது. அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, கை எட்டும் உயரத்துக்கு, கப்பலை நோக்கி நீட்டிப் பிடித்தாள்.