நாலு டிக்கெட், ஐந்து பேர்

அப்பாவுக்கு நைஜீரியாவில் வாத்தியார் வேலை கிடைத்தபோது எனக்கு ஆறு வயது. குடும்பத்தோடு வரச் சொல்லி விமான டிக்கெட் நாலு வந்திருந்தது. அப்பா, அம்மா, அண்ணன், நான். வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள், அப்பாவின் அக்கா. கல்யாணமான சூட்டோடு புருஷனை இழந்து திரும்பி வந்து, என்னைக் குளிப்பாட்டி, ஊட்டி, முதுகில் நாலு வைத்து வளர்த்த அத்தை. அம்மாவைவிட அத்தையைத்தான் எனக்குப் பிடிக்கும். அதை அம்மாவிடமே சொல்லி உதை வாங்கியிருக்கிறேன்.

ஐந்து பேருக்கு நாலு டிக்கெட் என்பதற்கு ஏன் பெரியவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கீழ்பென்னாத்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது எனக்கு டிக்கெட் எடுத்ததே கிடையாது. கண்டக்டர் வந்தால் அத்தை என்னை மடியில் அமுக்கிக்கொண்டு, "கைக்கொழந்தைங்க" என்பாள். விமானத்திலும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டி, குறுகி உட்காரப் பழகிக்கொண்டிருந்தேன்.

மூட்டை முடிச்சு விவகாரத்தை மாமா எடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பியான அவருக்கு வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிற வேலை. விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோதான் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "எடை சமாச்சாரத்த எங்கிட்ட உட்டுடுங்க மாமா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த நாட்டில் புளி கிடைக்காது என்றார்கள் பக்கத்து வீட்டில். பெருங்காயமும் கிடைக்காது என்றார்கள் எதிர்வீட்டில். அம்மா வாங்கிக் குவித்தாள். பட்டுப்புடவைக்குள் சுற்றி வைத்திருந்த அம்மிக் குழவியை மாமாதான் கண்டுபிடித்தார்.

"ஏங்க்கா, கல்லுகூடவா இல்ல அந்த ஊர்ல?"

குழவியை எடுத்த பிறகும் மண்டித் தராசில் பெட்டிகள் ஜாஸ்தியாகத்தான் காட்டின. மாமா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்துவிட்டு எழுந்தார். "பெட்டிக்குத்தான் எடை. ஆளுக்கு எடை கெடையாது. மேல இன்னா போட்டுக்கினு போனாலும் கேக்க மாட்டான்."

அன்றிலிருந்து அத்தை தையல் மிஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை. அப்பாவின் கம்பளிக் கோட்டுக்குள் ரகசியப் பைகள் தைத்து மிளகாய்த் தூளை நிரப்பினாள். அண்ணன் கால்சட்டையில் புளி. எனக்கு ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து கவுன்கள். நடந்தால் ஏதாவது கொட்டுகிறதா என்று பார்க்க, கத்திரி வெயிலில் தேரடி வீதியில் எங்களை ஒத்திகை நடை நடக்கவிட்டார் மாமா. முன்னால் அப்பா, கழுத்துவரை பொத்தான் போட்டு. பின்னால் இரண்டு கைகளையும் கீழே போட முடியாமல் நான்.

பழைய மாணவன் ஒருவன் சைக்கிளிலிருந்து இறங்கி, "வணக்கம் சார்" என்றான். அப்பா மரியாதையாகக் கையைத் தூக்கினார். அக்குளில் பட்டென்று ஏதோ விட்டது. அப்பா தும்மினார். மாணவன் தும்மினான். பாத்திரக் கடைக்காரர் கல்லாவைவிட்டு எழுந்து வந்து தும்மினார். "தும்மாதீங்க மாமா, சரக்கு கொட்டுது!" என்று கத்திக்கொண்டே மாமாவும் தும்மினார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தை மிஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். கோட்டை வாங்கி, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள்.

"உன் பெட்டி எங்க அத்தே?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குடி பெட்டி? இருக்கிறதே ரெண்டு பொடவை."

சரியான பதிலாகத்தான் பட்டது. எடையும் கம்மி.

கிளம்புகிற காலையில் குதிரை வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. அத்தை பழைய புடவையில் அடுப்படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட நாளில் என்னை அவள் எப்படி விரட்டுவாளோ அப்படியே, "ஒன்னாலதான் பஸ்ஸு போவப்போவுது" என்று திட்டினேன்.

அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என் கவுன்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள். "நீ போயி எனக்கு எடம் போட்டு வை. வூட்டப் பூட்டிக்கினு பின்னாலயே வரேன்."

மெட்ராஸ் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, என் பக்கத்திலேயே அத்தைக்கு இடம் பிடித்தேன். அத்தை ஏறாமலே பஸ் புறப்பட்டதும் அழுது ஊரைக் கூட்டினேன். வழியனுப்ப எங்களுடன் வந்த மாமா, "அயாத, செஞ்சில ஏறிக்கும்" என்றார். அந்த இடத்தை நான் விடவில்லை. துண்டின்மேல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன்.

செஞ்சியில் முருங்கைக்காய்க் கட்டோடு ஓர் அம்மாள் ஏறி, "ஆளு வருதா பாப்பா?" என்றாள்.

"வருது. எங்க அத்த."

நிற்கிறவர்களுக்கு இடம் கொடுக்காவிட்டால் தொடையில் கிள்ளுகிறவள் அம்மா. அன்று கிள்ளவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மாள் திண்டிவனம்வரை நின்றுகொண்டே வந்தாள். அப்பாடா, அம்மாவுக்கும் ஒருவழியாகப் பஸ்ஸில் இடம் பிடிக்கத் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.