அடுப்பை அணைக்கச் சொன்னவர்

தமிழரசி போய்விட்டார் என்று அவர் தம்பி போனில் சொன்னபோது, "எந்தத் தமிழரசி?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த தமிழரசி அவர் ஒருவர்தான். மாரடைப்பாம். வேங்கிக்காலில் அவர் வீட்டை அடையும்வரை அந்தச் சொல் மனதில் ஏறவே இல்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், டெல்டாவின் எரிவாயுக் கிணறுகளில் கசிவு பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. ஊரை ஒட்டிய கிணறுகளுக்கு இப்போது புதிய விதி எழுதுகிறார்கள். கசிவு கண்டால் பக்கத்து வீடுகளுக்கு உடனே சொல்வதா, சரிசெய்த பிறகு சொல்வதா என்பதில்தான் இழுபறி. அதற்கான கூட்டத்தில் 'உடனே' என்று பேச அவர் போவதாக இருந்தது. இப்போது என்னைப் போகச் சொல்கிறார்கள்.

ஓர் ஆயுதபூஜைக்கு மறுநாள் நடந்தது இது. கிணற்று ஆட்கள் வால்வு, குழாய் ஒன்று விடாமல் சந்தனம் அப்பிப் பொட்டு வைத்திருந்தார்கள். அதன்மேலேயே சோப்பு நுரை பூசிக் காட்டினார்கள், கசிந்தால் வரவேண்டிய குமிழி வரவில்லை. "சாமிக்கு வெச்சது சாமிக்கு. எனக்கு இரும்பு தெரியணும்" என்று காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினார் தமிழரசி. மறுபடி பூசியதும் நுரை பொங்கியது.

ஆபீசுக்குச் சொல்லுமுன் முதல் வீட்டுக்கு ஓடினார். "அடுப்ப அணைச்சிட்டு வெளிய வந்துடுங்க, அப்புறம் சொல்றேன்!" தெருவே ஓடியது. ஓட்டத்தில் ஓர் அம்மாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. போல்ட்டை இறுக்கியதும் கசிவு நின்றுவிட்டது. அந்த அம்மாள் அதன்பிறகு நடக்கவில்லை.

போன மாதம் செங்கம் ரோட்டில் டீ குடிக்கும்போது தமிழரசி திடீரென்று கேட்டார்: "நான் சொல்லாம இருந்திருந்தா அவங்க இன்னிக்கு நடந்துட்டு இருப்பாங்க இல்ல சார்?"

"அப்புறம் எதுக்கு உடனே சொல்லணும்னு பேசப் போறீங்க?"

"அதான் எனக்கும் புரியல" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. இப்போது இன்னும் ஜாஸ்தியாக வருகிறது. பாதியில் விட்டுப் போகிற பேச்சா அது?

துக்க வீட்டுக்கு அந்த அம்மாளின் மகள் பஸ் ஏறி வந்திருந்தார். கேட்கக் கூடாத இடம்தான், கேட்டுவிட்டேன். தமிழரசி அன்று சொன்னது தப்பா?

"தெரியலைங்க" என்றார் அவர். "ஆனா மறைச்சு, பின்னால எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அம்மா இவங்க மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டாங்க. இப்ப, 'என்னால வர முடியல, நீ போய் ஒரு மாலை போட்டுட்டு வா'ன்னு அவங்கதான் அனுப்புனாங்க."

தமிழரசியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் குழப்பம்தான். அதோடுதான் கூட்டத்துக்குப் போகிறேன். 'உடனே' என்றுதான் பேசுவேன். அந்த அம்மாள் விழுந்ததையும் சொல்வேன், யாரும் கேட்பதற்கு முன்பே.