நாலு கோர் வாங்கிய புக்கிங் மெஷின்

சர்வர் பார்த்துக்கொள்ளும் சக பாவிகளே, எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை நம் பெயர் முதலாளிக்கு ஞாபகம் வராத தொழில் இது.

இருப்பதைக் கொடு

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த விடுதியில் ஒரே சர்வர். அதன் பிராசசரில் நாலு கோர், அதாவது வேலை செய்யும் நாலு மூளை. அதற்குள் புக்கிங், கணக்கு, கேமரா பதிவு என்று மூன்று விர்ச்சுவல் மெஷின்கள். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். உண்மையில் மூன்றும் முறை போட்டுத்தான் கோர்களில் ஓடும். கேமரா மெஷின் மட்டும் பிடித்த கோரை லேசில் விடாது.

புக்கிங்குக்கு இரண்டு கோர் கொடுத்திருந்தேன். சீசனில் கொஞ்சம் திணறியதும், நாலையும் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். வேண்டாம் என்றேன். "ஏனுங்க, இருக்கறதையே குடுக்க மாட்டேன்னா உங்களை எதுக்குங்க வெச்சிருக்கோம்?" என்றார்.

ஜீப் விளக்கம்

கொடுத்தேன். இன்னும் மோசமானது. கோர்களைப் பங்குபோடும் எங்கள் பழைய மென்பொருளில், நாலு கோர் வாங்கிய மெஷின் நாலும் ஒன்றாகக் காலியாகும்வரை காத்திருக்கும்.

"நாலு பேரும் ஒரே ஜீப்புலதான் போவோம்னா, நாலு சீட்டு காலியா வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கணுங்க. ரெண்டு பேருன்னா சட்டுனு ஏறிடலாம்" என்று மேனேஜருக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டரைக் கேட்டா ஜீப்பைப் பத்திப் பேசறீங்க" என்றார்.

மல்லிகா

வரவேற்பு மேசையில் இருந்தவள் மல்லிகா. வெள்ளக்கடை கிராமத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருவாள். ஒரு சனிக்கிழமை, நனைந்துபோன விருந்தினர்கள் வரிசையில் கத்திக்கொண்டிருக்க, திரை உறைந்து நின்றது. முதல் குடும்பத்தின் பதிவு விழவில்லை என்று நினைத்து, அவள் அடுத்த குடும்பத்துக்கு மறுபடி பட்டனை அழுத்த, ஒரே அறை இரண்டு குடும்பங்களுக்குப் பதிவாகிவிட்டது. அன்று சாயங்காலமே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

மெஷின் காத்திருந்ததுதான் காரணம் என்று வாதாடினேன். ஆனால் கோருக்காகக் காத்திருக்கும் நேரம் அந்த மெஷினின் வேலைப்பளுவைக் காட்டும் சொந்த மீட்டரில் தெரியாது; சும்மா இருப்பதாகத்தான் காட்டும். மேனேஜர் அந்த மீட்டரையே சுட்டிக்காட்டினார். "மெஷின் சும்மாதானுங்க இருக்குது. அந்தப் பொண்ணுதான் நொம்ப மெதுவு."

வேகம்

மேனேஜர் சேலம் போன அன்று, யாரையும் கேட்காமல் பழையபடி இரண்டு கோராகக் குறைத்தேன். புக்கிங் சட்டென்று ஓடியது. அவர் திரும்பியதும் ஓட்டிக் காட்டி, செய்ததைச் சொல்லி, மல்லிகாவைக் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

அவர் திரையைக் காட்டிச் சொன்னார்: "கோரைக் குறைச்சா எங்காச்சும் வேகமாகுமுங்களா? அந்தப் பொண்ணு போனதும் எப்படி ஓடுது பாருங்க."

காத்துக் கிடந்த மெஷினுக்கு முறை வாங்கிக் கொடுக்க எனக்குத் தெரிந்தது, மல்லிகாவுக்கு வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுக்கத்தான் தெரியவில்லை.